ஆக்சிஜனை மட்டும் எடுத்தால் போதும்: ஒரு ஹைபாக்ஸியா பெட்டியோடு 14 மாதங்கள்

மூளை செல்களை ஆக்சிஜன் இல்லாமல் வைத்துப் பார்க்கும் வேலையில் இருப்பவர்களுக்காகவும், அந்த வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் வளர்ப்பது எலிக்குட்டிகளின் மூளைப் புறணியிலிருந்து எடுத்த ஆஸ்ட்ரோசைட்டுகள், அதாவது நியூரான்கள் என்ற நரம்புச் செல்களுக்குத் துணை நிற்கும் செல்கள். சில சமயம் அவற்றின் மேலேயே நியூரான்களையும் வளர்ப்பேன். மூச்சு முட்டும் நேரத்தில் அந்தச் செல்கள் தங்களைக் காத்துக்கொள்ள என்னென்ன ஸ்ட்ரெஸ் புரதங்களை உண்டாக்குகின்றன, எப்போது உண்டாக்குகின்றன என்று பார்ப்பதுதான் வேலை. அதற்கு நான் 14 மாதமாகப் பயன்படுத்தும் கருவி, பூட்டுவளையம் போட்ட சாதாரண ஹைபாக்ஸியா (ஆக்சிஜன் குறைவு) பெட்டி.

பெட்டி ரொம்ப எளிமையானது. தெளிவாக உள்ளே தெரியும் கெட்டியான பாலிகார்பனேட்டில் மேல் பாதி, கீழ்ப் பாதி. நடுவே ஒரு ரப்பர் வளையம். இரண்டையும் சேர்த்து இறுக்க ஓர் எஃகுப் பூட்டு. உள்ளே மூன்று கம்பித் தட்டுகள். வாயு நுழைய ஒரு குழாய், வெளியேற ஒரு குழாய், இரண்டுக்கும் பிளாஸ்டிக் கிளிப். மின்சாரம் வேண்டாம், திரை கிடையாது, சாஃப்ட்வேர் கிடையாது. 95 சதவீதம் நைட்ரஜனும் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடும் கலந்த சிலிண்டரை மாட்டி, உள்ளே இருக்கும் காற்றைத் துரத்தி, கிளிப்பைப் போட்டு, செல்களை 37 டிகிரியில் வைத்திருக்கும் இன்குபேட்டருக்குள் பெட்டியை அப்படியே வைத்துவிடலாம்.

இதைப் போன்ற ஒரு பெட்டியிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். ஆக்சிஜனை மட்டும் எடுக்கிறதா, இல்லை, கூடவே வேறு எதையாவது செய்கிறதா?

இது முக்கியமாக இருப்பதற்குக் காரணம் அந்தப் புரதங்களின் குணம். 1962-இல் ஃபெருச்சியோ ரிட்டோசா என்ற இத்தாலிய ஆய்வாளர் பழ ஈக்களின் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வகத்தில் யாரோ இன்குபேட்டரின் வெப்பத்தை ஏற்றிவிட்டிருந்தார்கள். குரோமோசோம்களில் அதுவரை பார்க்காத இடங்களில் புதிய வீக்கங்கள் தெரிந்தன. அந்த இடங்களில் ஜீன்கள் விழித்துக்கொண்டு வேலை செய்கின்றன என்று பொருள். அங்கிருந்து வரும் புரதங்களைக் கண்டுபிடிக்க 1974 வரை ஆயிற்று. வெப்பத்தில் முதலில் தெரிந்ததால் ஹீட் ஷாக் புரதங்கள் என்று பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அவை வெப்பத்துக்கு மட்டும் வருவதில்லை. விஷம் போட்டாலும் வரும், கன உலோகம் போட்டாலும் வரும், ஆக்சிஜனை எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுத்தாலும் வரும். செல்லுக்குள் புரதங்கள் மடிப்புக் குலைந்து கிடந்தால் போதும், இவை ஓடி வந்துவிடும். குலைந்ததைப் பிடித்து நிறுத்துவது, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் தடுப்பது, முடிந்தால் திரும்ப மடிப்பது, முடியாவிட்டால் அழிக்க அனுப்புவது, இவைதான் இவற்றின் வேலை.

இவற்றில் ஒன்றான எச்எஸ்பி70-ஐ எழுப்பும் வழியும் அழகானது. எச்எஸ்எஃப்1 என்ற புரதம் சாதாரண நேரத்தில் எச்எஸ்பி90, எச்எஸ்பி70 போன்றவற்றின் பிடியில் தனித்தனியாகக் கிடக்கும். குலைந்த புரதங்கள் பெருகியதும் அந்தக் காவலர்கள் அங்கே போய்விடுவார்கள். பிடி விட்ட எச்எஸ்எஃப்1 மூன்று மூன்றாகச் சேர்ந்து டிஎன்ஏ-வில் உட்கார்ந்து, இன்னும் எச்எஸ்பி70 வேண்டும் என்று உத்தரவு போடும். காவலர் ஏன் இடத்தைவிட்டுப் போனார் என்று அது பார்ப்பதே இல்லை.

அதனால் பெட்டிக்குள் சூடு கூடினாலும் எச்எஸ்பி70 வரும், செல்கள் வளரும் திரவமான மீடியம் புளித்தாலும் வரலாம். எதனால் வந்தாலும், புரதங்களை எடைப்படி பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் படத்தில் பட்டை ஒன்றுபோலத்தான் தெரியும்.

எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெட்டி வந்த முதல் இரண்டு மாதம் நான் சந்தோஷத்தில் மிதந்தேன். ஆஸ்ட்ரோசைட்டுகளை 4 மணி நேரம் பெட்டிக்குள் வைத்து எடுத்தால், வெஸ்டர்ன் பிளாட்டில் 72 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) உயரத்தில் மை கொட்டியது போல எச்எஸ்பி70. பக்கத்தில் சாதாரணக் காற்றில் வைத்த தட்டில் ஒன்றுமே இல்லை. இதைவிடச் சுத்தமான முடிவு வேண்டுமா என்று நினைத்தேன். மூன்றாவது முறை, எங்களிடம் படிக்கும் ஒரு மாணவி தானாக ஒரு காரியம் செய்திருந்தாள். இன்னொரு பெட்டியைக் கடன் வாங்கி, அதில் நைட்ரஜனுக்குப் பதிலாக 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த சாதாரணக் காற்றை நிரப்பி, இன்குபேட்டரின் அதே அடுக்கில் பக்கத்திலேயே வைத்திருந்தாள். மறுநாள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். “அக்கா, காத்து நிரப்பின பெட்டியிலயும் வந்திருக்கு. அதே அளவு.”

அரை மணி நேரம் இரண்டு பேரும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் ஒரு சின்ன வெப்பமானியைப் பெட்டிக்குள் போட்டு, செல்கள் இல்லாமல் 4 மணி நேரம் ஓட்டினோம். இன்குபேட்டரின் முகப்பில் 37.0. பெட்டிக்குள் 40.8.

நாங்கள் பெட்டியை வைத்திருந்த, இன்குபேட்டரின் கீழ்த்தட்டுக்கு அடியிலேயே சூடாக்கும் பகுதி இருக்கிறது. திறந்த தட்டுகளைச் சுற்றிக் காற்று ஓடுவதால் அங்கே வைத்தாலும் பெரிய பாதிப்பில்லை. மூடிய பெட்டிக்கு அந்த வசதி கிடையாது. அடிப்பாகம் வாங்கிய சூடு உள்ளேயே தங்கிவிடுகிறது. இரண்டு மாதமாக நான் அளந்தது, ரிட்டோசாவின் இன்குபேட்டர் செய்த அதே காரியத்தை. குறை இன்குபேட்டருடையது என்று சொல்லலாம்தான். ஆனால் பெட்டியோடு வந்த கையேட்டில் ‘நடுத்தட்டில் வையுங்கள், உள்ளே வெப்பத்தைச் சரிபாருங்கள்’ என்று ஒரு வரி இருந்திருந்தால் இரண்டு மாத உழைப்பும் அத்தனை எலிக்குட்டிகளும் வீணாகியிருக்காது. அந்தக் குட்டிகளை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

பெட்டியை நடுத்தட்டுக்கு மாற்றி, அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கம்பி மேடை கொடுத்தோம். உள்ளே 37.2-ஐத் தாண்டவில்லை. பரிசோதனையைத் திரும்பச் செய்தபோது 4 மணி நேரத்தில் எச்எஸ்பி70 கிட்டத்தட்ட இல்லை. ஹிஃப்-1 ஆல்ஃபா மட்டும் நன்றாக ஏறியிருந்தது. உண்மையில் ஆக்சிஜன் குறைந்ததைச் சொல்லும் புரதம் அதுதான். ஆக்சிஜன் இருக்கும்போது அதன் மேல் ஹைட்ராக்சில் முத்திரை விழும். அந்த முத்திரையைப் பார்த்து விஎச்எல் என்ற புரதம் பிடித்துக்கொண்டுபோய் அழிக்கக் கொடுத்துவிடும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் முத்திரை விழாது, அழிவும் இல்லை. இந்த வழியைத் துலக்கியதற்காகத்தான் கெய்லின், ராட்கிளிஃப், செமன்சா மூவருக்கும் 2019-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. 24 மணி நேரத்தில் ஜிஆர்பி78, ஓஆர்பி150 என்ற வேறு இரண்டு ஸ்ட்ரெஸ் புரதங்களும் மேலே வந்தன. ஓஆர்பி150 எனக்கு மிகவும் பிடித்த புரதம். ஆக்சிஜன் இல்லாமல் வளர்த்த எலி ஆஸ்ட்ரோசைட்டுகளிலிருந்துதான் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள், 150 என்பது கிலோடால்டனில் அதன் எடை. செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற சவ்வு வலைக்குள் இருந்துகொண்டு, வெளியே அனுப்ப வேண்டிய புரதங்களுக்கு மடிப்பு வேலை செய்கிறது. எச்எஸ்பி70 எப்போது வந்தது தெரியுமா? பெட்டியைத் திறந்து, செல்களுக்குத் திரும்ப ஆக்சிஜன் கொடுத்து, சில மணி நேரம் கழித்து. மூச்சு நின்றபோது வராதது, மூச்சு திரும்பியபோது வந்தது. இந்த வித்தியாசத்தை என் கண்ணில் காட்டியது இந்தப் பெட்டிதான், சரியான இடத்தில் வைத்த பிறகு.

சரி, பெட்டியின் வேலைத்திறனுக்கு வருகிறேன்.

காற்றை வெளியேற்றுவதில் குறை சொல்ல முடியாது. நிமிடத்துக்கு 20 லிட்டர், 4 நிமிடம். பெட்டியின் கொள்ளளவு சுமார் 6 லிட்டர் என்பதால் பத்து முறைக்கு மேல் உள்ளே இருப்பது முழுதாக மாறிவிடுகிறது. உள்ளே வைத்த ஆக்சிஜன் மீட்டர் 0.2 சதவீதத்துக்கு இறங்கியது. ஆனால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 0.9. கசிவு என்று பயந்தேன். மூடிய பெட்டியைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன், ஒரு குமிழியும் இல்லை. அந்த ஆக்சிஜன் மீடியத்தில் கரைந்திருந்தது, வளர்ப்புத் தட்டுகளின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கிலும் ஊறியிருந்தது. அது மெல்ல வெளியே வருகிறது. ஒரு மணி நேரத்தில் இரண்டாம் முறை வாயுவை ஓட்டினால் அப்புறம் 0.3-க்கு மேல் ஏறுவதில்லை. மீடியத்தை முந்தின இரவே திறந்த தட்டில் பெட்டிக்குள் வைத்துப் பழக்கிவிட்டால் இன்னும் நல்லது. மீடியத்தின் உயரமும் கணக்கு. 35 மில்லிமீட்டர் தட்டில் நான் ஒன்றரை மில்லிக்கு மேல் ஊற்றுவதில்லை. ஆழம் கூடினால் மேலே 0.2 இருந்தாலும் அடியில் ஒட்டியிருக்கும் செல்லுக்கு அது போய்ச்சேர நேரமாகும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ‘சாதாரணம்’ என்று நாம் வைக்கும் தட்டே சாதாரணமில்லை. இன்குபேட்டருக்குள் ஆக்சிஜன் 18, 19 சதவீதம். உயிருள்ள மூளைத் திசுவில் சுமார் 1 முதல் 5 சதவீதம்தான். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள உறுப்பு, ஓய்வில் உடலுக்கு வரும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை எடுத்துக்கொண்டும், திசுவுக்குள் இவ்வளவு கொஞ்சமாகத்தான் வைத்திருக்கிறது. கையிருப்பு என்று ஒன்றும் இல்லை. அதனால் பெட்டியில் 3 சதவீதம் ஆக்சிஜன் கலந்த சிலிண்டரைப் போட்டு ஒரு தட்டை வைத்துப் பாருங்கள். ஒப்பிட அதுதான் நேர்மையான தட்டு என்பது என் கருத்து. பெட்டி இதற்கு இடம் கொடுக்கிறது, வேண்டிய கலவையில் சிலிண்டர் இருந்தால் போதும்.

குழாய்கள்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கூடவே வந்தவை சிலிக்கோன். கையில் மென்மையாக இருக்கும், கிளிப்பும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சிலிக்கோன் ஆக்சிஜனைத் தாராளமாக ஊடுருவ விடும் பொருள். 24 மணி நேர ஓட்டத்தில் மீட்டர் மெல்ல ஏறுவதைப் பார்த்துவிட்டு, கெட்டிச்சுவர் உள்ள வேறு பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றினேன். குழாயையும் முடிந்தவரை கட்டையாக வெட்டினேன், ஏற்றம் நின்றது. கிளிப்புகள் எட்டாவது மாதத்தில் தளர்ந்தன, இப்போது உலோகக் கிளிப் போடுகிறேன். ரப்பர் வளையம் 14 மாதமாகியும் அப்படியே இருக்கிறது. ஆல்கஹாலில் துடைக்காமல் தண்ணீரில் கழுவி, ஒவ்வொரு முறையும் ஒரு தலைமுடி, ஒரு நூல்கூட இல்லாமல் விரலால் தடவிப் பார்த்து மூடுவதால் இருக்கலாம்.

சிலிண்டர் வாயு வறண்டது. உள்ளே ஒரு தட்டில் கிருமி நீக்கிய தண்ணீர் வைக்க மறந்தால் மறுநாள் மீடியம் சுண்டிப்போய், உப்பு ஏறி, அதுவே செல்லுக்கு இன்னொரு ஸ்ட்ரெஸ். தண்ணீர்த் தட்டை நான் அடித்தட்டில் வைக்கிறேன். முக்கியமாக ஒன்று: இரண்டு முறை ஓட்டினால் 160 லிட்டர் வாயு, பெரும்பாலும் நைட்ரஜன், அறைக்குள் வருகிறது. நைட்ரஜனுக்கு மணமில்லை, மூச்சுத் திணறல் என்ற எச்சரிக்கையும் தராது. சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். வெளியேறும் குழாயை நான் புகை உறிஞ்சும் மேடைக்குள் விட்டுவிடுகிறேன்.

பெட்டியின் பெரிய பலவீனம் திறக்கும் நேரத்தில் இருக்கிறது. சாதாரணக் காற்றில் ஹிஃப்-1 ஆல்ஃபாவின் அரை ஆயுள் 5 நிமிடத்துக்கும் குறைவு. பூட்டைக் கழற்றிய நொடியிலிருந்து அது கரையத் தொடங்கிவிடுகிறது. ஆறு தட்டுகளை வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தால், முதல் தட்டில் கருமையான பட்டை, ஆறாவதில் வெளிறிய பட்டை. செல்களில் வித்தியாசம் இல்லை, என் கை வேகத்தில்தான் வித்தியாசம். இப்போது ஒரு பெட்டியில் இரண்டு தட்டுக்கு மேல் வைப்பதில்லை. பக்கத்தில் ஐஸ், செல்களைக் கரைத்துப் புரதத்தை எடுக்கும் திரவம் அளந்து தயாராக, மீடியத்தை உறிஞ்ச ஒருவர், திரவம் ஊற்ற ஒருவர். 40 நொடிக்குள் முடித்துவிடுகிறோம். 2, 4, 8, 16 மணி என்று பார்க்க வேண்டுமானால் நேரத்துக்கு ஒரு பெட்டி வேண்டும், இல்லாவிட்டால் நாளுக்கு ஒன்றாகச் செய்ய வேண்டும். ஹிஃப் மட்டுமே உங்கள் வேலை என்றால் கையுறை போட்டு உள்ளேயே எல்லாம் செய்யும் பெரிய ஹைபாக்ஸியா அறைதான் சரி. எச்எஸ்பி70, ஜிஆர்பி78, ஓஆர்பி150 பார்ப்பவர்களுக்கு இந்தப் பெட்டி தாராளமாகப் போதும். அவை இப்படி நிமிடக் கணக்கில் கரைவதில்லை.

கோபால்ட் குளோரைடு என்ற உப்பை மீடியத்தில் போட்டால் பெட்டியே வேண்டாமே என்று கேட்பார்கள். ஹிஃப் ஏறும், உண்மைதான். ஆனால் கோபால்ட் தானாகவே ஹீம் ஆக்சிஜனேஸ்-1 என்ற புரதத்தைக் கிளப்பிவிடும். அதுவும் நாம் பார்க்க வேண்டிய ஸ்ட்ரெஸ் புரதங்களில் ஒன்று. கோபால்ட் ஆக்சிஜனை எடுப்பதில்லை, எடுத்தது போலச் செல்லை நம்பவைக்கிறது. எனக்கு அது உதவாது.

ஜிஆர்பி78 விஷயத்திலும் கவனம் வேண்டும். பெயரிலேயே இருக்கிறது, குளுக்கோஸ் குறைந்தால் ஏறும் புரதம் என்பதற்காக வைத்த பெயர் அது. ஆக்சிஜன் இல்லாத செல் குளுக்கோஸை வேகமாகத் தின்னும். 24 மணி நேரத்தில் மீடியத்தில் குளுக்கோஸ் தீர்ந்துவிட்டால், ஏறியது ஆக்சிஜன் குறைவாலா குளுக்கோஸ் குறைவாலா என்று பிரிக்க முடியாது. நான் கடைசியில் மீடியத்தில் மிச்சக் குளுக்கோஸை அளந்து எழுதி வைக்கிறேன். அதேபோல, பட்டைகளை ஒப்பிட, மாறாத அளவுகோலாக ஜிஏபிடிஎச் என்ற புரதத்தைப் பயன்படுத்தாதீர்கள். ஹைபாக்ஸியாவில் அதுவே ஏறும் புரதம். அதற்குப் பதிலாக பீட்டா ஆக்டின் என்ற புரதத்தை வைத்தபோது என் கணக்குகள் ஒழுங்காயின. பிளாட்டில் எச்எஸ்பி70-ஐ அடையாளம் காட்டும் ஆன்டிபாடியும் ஸ்ட்ரெஸில் உண்டாகும் 72 கிலோடால்டன் வடிவத்தை மட்டும் பிடிப்பதாக இருக்க வேண்டும். எப்போதும் இருக்கும் எச்எஸ்சி70-ஐயும் சேர்த்துப் பிடித்தால் எல்லாத் தட்டும் ஒன்றுபோல இருக்கும்.

நியூரான்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. ஆக்சிஜனோடு குளுக்கோஸையும் எடுத்துவிட்டு 90 நிமிடம் பெட்டியில் வைத்த நியூரான்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். நூல் போல ஓடிய கிளைகளில் மணி கோத்தது போலச் சின்னச் சின்ன உருண்டைகள். அவற்றில் எச்எஸ்பி70 மிகக் குறைவு. அதே பெட்டியில் பக்கத்துத் தட்டில் ஆஸ்ட்ரோசைட்டுகளின் மேல் வளர்ந்த நியூரான்களின் கிளைகள் பெரும்பாலும் நேராகவே இருந்தன. அடியில் இருந்த ஆஸ்ட்ரோசைட்டுகள் நிறைய உண்டாக்கியிருந்தன. மூளையிலும் இப்படிப் பாரபட்சம் உண்டு. 1982-இல் கிரினோ என்ற ஆய்வாளர், ஜெர்பில் என்ற சிறு விலங்குகளில் காட்டியது இது: 5 நிமிடம் மூளைக்கு ரத்தம் நின்றால் ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதியில் சிஏ1 என்ற இடத்து நியூரான்கள் அப்போதே சாவதில்லை, சில நாள் கழித்துச் சாகின்றன. அந்த நியூரான்களில் எச்எஸ்பி70-க்கான ஆர்என்ஏ வருகிறது, புரதம் சரியாக உண்டாவதில்லை. ஸ்ட்ரெஸ் வந்ததும் புரத உற்பத்தியையே நிறுத்தும் பூட்டு ஒன்று செல்லுக்குள் இருக்கிறது, அது அங்கே திறக்காமலே போகிறது. ஆனால் முன்னாலேயே 2 நிமிட அளவுக்கு ரத்தத்தை நிறுத்திப் பழக்கியிருந்தால் அதே நியூரான்கள் பிழைக்கின்றன என்று 1990-இல் கிட்டகாவா குழு காட்டியது. பக்கவாதத்திலும் ரத்தம் முழுதாக நின்ற மையத்தில் நியூரான்களுக்கு இந்தப் புரதத்தை உண்டாக்கச் சக்தி இருப்பதில்லை. மையத்தைச் சுற்றிய ஓரத்தில், உயிருக்குப் போராடும் நியூரான்களில்தான் எச்எஸ்பி70 தெரிகிறது. காப்பாற்ற வாய்ப்பிருக்கும் இடம் அது. எங்கள் தட்டில் அந்த ஓரத்தைத்தான் உண்டாக்கப் பார்க்கிறோம். பெட்டி அரை சதவீதம் முன்னே பின்னே போனாலும் ஓரம் மையமாகிவிடும், அல்லது ஒன்றுமே ஆகாது. அதனால்தான் இத்தனை நுணுக்கம் பார்க்கிறேன்.

இரண்டாவது பெட்டிக்கும் ஆர்டர் கொடுத்திருக்கிறேன், இதே மாடல்தான். மாணவி கடன் வாங்கிய அந்தக் காற்றுப் பெட்டிக்கு இனி நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும், ஒவ்வொரு ஓட்டத்திலும் அது பக்கத்தில் இருக்கும். ஆர்டரோடு தயாரிப்பாளருக்கு ஒரு கடிதமும் எழுதினேன். குழாயை மாற்றச் சொன்னேன், கையேட்டில் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னேன். மூடியில் வெப்பமானிக் கம்பி நுழைய ரப்பர் அடைப்போடு ஒரு சின்னத் துளை போட்டுத் தரச் சொன்னேன், பென்சில் பருமன் இருந்தால் போதும்.